தாயிடம் மட்டும் கணக்குக் கேட்காதீர்கள்!

 

இந்த இதழைக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துப் புரட்டுகிறவர்களும், வளைகுடா நாடுகளில் விடுமுறை நாளில் அறையில் படுத்தபடி படிக்கிறவர்களும்தான் உங்களில் அதிகம். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். 10 வயது முதல் 19 வயது வரை உள்ள பிள்ளைகளை வைத்துக் கொண்டு தாய்மார்கள் படும் பாட்டைத் தாய்மார்களுக்கே எழுதிக் காட்டி என்ன பயன்? அவர்களுக்கு அது தெரியும். தெரியாதது உங்களுக்குத்தான்!

பையன் பத்தாம் வகுப்பில் தவறி விட்டான். "நீ வளர்த்த லட்சணம்!" மகள் யாரிடமோ போனில் பேசியது தெரிந்து விட்டது. "வீட்டில் இருந்து என்ன பண்ணிக் கொண்டிருந்தாய்?" பையன் தெருமுனையில் சிகரெட்டோடு நின்றான். "உன் செல்லம்தான்!" நம் ஊர்களில் இந்த மூன்று வசனங்களையும் கேட்காத தாய் உண்டா? அதே பையன் மாவட்டத்தில் முதலாவதாக வந்து விட்டால் மட்டும் "நம்ம வம்சம் அப்படி" என்று லாபத்தை உங்கள் பக்கத்தில் எழுதிக் கொள்கிறீர்கள். நஷ்டம் எல்லாம் அவள் பேரில்! வியாபாரிகளாகிய நீங்களே சொல்லுங்கள், இது என்ன கணக்கு?

"வாப்பா வரட்டும்!"

கணவன் வெளிநாட்டில் இருக்கும் வீட்டில் தாய்க்குக் கடைசி ஆயுதம் இந்த ஒரு சொல்தான். "வாப்பா போன் பண்ணட்டும், சொல்கிறேன்." சபுராளிகளின் வீடுகளில் மட்டுமல்ல. காலை எட்டு மணிக்கு ஷட்டரைத் தூக்கி இரவு பத்தரைக்கு இறக்கும் உள்ளூர்க் கடைக்காரரின் வீட்டிலும் இதே நிலைதான். பிள்ளை எழும் முன் போகிறார், தூங்கிய பின் வருகிறார். நான்கு தெரு தள்ளி இருந்தாலும் அவரும் சபுராளியே!

போன் வருகிறது. இமோவிலோ போட்டிமிலோ முகம் தெரிகிறது. இருப்பது பதினைந்து நிமிடம். அதில் பாதி நேரம் தாய் புகார் வாசிக்கிறாள். மீதி நேரம் தந்தை கத்துகிறார். பையன் தலையைக் குனிந்து கொண்டு "சரி வாப்பா, சரி வாப்பா" என்கிறான். அடுத்த வாரம் போன் அடிக்கும் போது அவன் வீட்டில் இருப்பதில்லை. கத்தலுக்குப் பயந்து தாயும் சிலவற்றை மறைக்கத் தொடங்குகிறாள். உம்மா மறைக்கிறாள் என்பது பிள்ளைக்குத் தெரிந்து விட்ட நாளிலிருந்து அவள் சொல்லுக்கு வீட்டில் மதிப்பில்லை. இப்படித்தான் ஒரு தாயின் கையிலிருந்து பிடி நழுவுகிறது. செல்லம் கொடுத்ததால் அல்ல சகோதரர்களே! தனியாக விடப்பட்டதால்.

வேறு வழி என்ன என்று கேட்பீர்கள். சம்பாதிக்காமல் இருக்க முடியாது என்பதும் உண்மைதான். ஆனால் அந்தப் பதினைந்து நிமிடத்தை மாற்றலாமே! முதலில் பிள்ளையிடம் பேசுங்கள், தாயிடம் பிறகு பேசுங்கள். மார்க்கைக் கேட்காதீர்கள். அவன் என்ன விளையாடினான், யார் அவன் கூட்டாளி, கணக்கு வாத்தியார் எப்படி என்று கேளுங்கள். தாய் ஒரு முடிவு எடுத்திருந்தால், அது உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும், பிள்ளையின் முன்னால் அதை உடைக்காதீர்கள். அவள் மறுத்த பைக்கை நீங்கள் பெருநாள் பரிசாக வாங்கிக் கொடுத்தால், அவளை வீட்டில் வேலைக்காரியாக்கி விட்டீர்கள் என்று பொருள்.

பைக் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, 18 வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோருக்கு அல்லது வண்டியின் உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். பையனுக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடையாது. "எல்லோர் பிள்ளையும் ஓட்டுகிறார்களே" என்று சொல்கிறவர்கள் அரசு மருத்துவமனையின் எலும்பு முறிவுப் பிரிவை ஒரு முறை சுற்றிப் பார்த்து விட்டு வரட்டும்.

சொல்லாமல் விட்ட பாடம்

உடலைப் பற்றி யார் பேசுவது? இதில்தான் நம் வீடுகள் ஊமையாகி விடுகின்றன.

பெண் பிள்ளைக்கு எட்டு வயதிலிருந்து பதிமூன்று வயதுக்குள்ளும், ஆண் பிள்ளைக்கு ஒன்பதிலிருந்து பதினான்குக்குள்ளும் உடல் மாற்றம் தொடங்குகிறது. மகளுக்கு முதல் மாதவிடாய் வந்த பிறகு, இரத்தத்தைப் பார்த்து அவள் அழுத பிறகு விளக்குவதை விட, வருவதற்கு முன்பே தாய் சொல்லி வைப்பது எவ்வளவு நல்லது! பெரும்பாலான தாய்மார்கள் எப்படியோ தட்டுத் தடுமாறிச் சொல்லி விடுகிறார்கள். முதல் ஓரிரு ஆண்டுகள் நாள் கணக்கு முன்பின்னாக இருக்கும், பயப்பட வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பல பிள்ளைகள் இதை நோய் என்று நினைத்துத் தனியே குமைந்து கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் மகனுக்கு யார் சொல்வது? உம்மா சொல்ல வெட்கப்படுகிறாள். வாப்பா ஊரில் இல்லை. காக்காவோ மாமாவோ கேலி பேசுவதோடு சரி. தூக்கத்தில் ஸ்கலிதம் ஆனால் அது நோயல்ல, பாவமல்ல, கடமையான குளிப்பு மட்டுமே உண்டு என்று சொல்ல ஆளில்லாமல், பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருக்கும் லாட்ஜ் வைத்தியரின் நோட்டீசைப் படித்து நடுங்குகிற பையன்கள் இன்றும் இருக்கிறார்கள். இப்போது அந்த வைத்தியர்கள் யூடியூபிலும் வந்து விட்டார்கள்! இன்னொன்று கேளுங்கள். பருவ வயதில் ஏறக்குறைய பாதிப் பையன்களுக்கு மார்புப் பகுதி லேசாக வீங்கும். ஓரிரு ஆண்டில் பெரும்பாலும் தானே வற்றி விடும். இது தெரியாமல், குளத்துக்கு நண்பர்கள் அழைத்தாலும் போகாமல், கோடையிலும் சட்டையைக் கழற்றாமல் ஒருவன் இரண்டு வருடம் கூனிக் குறுகித் திரிகிறான். வாப்பாவின் ஒரு வரி போதும் அவன் நிமிர. அந்த ஒரு வரியைச் சொல்ல விசா தேவையா?

மகள் விஷயத்தில் உங்களுக்கு வேலையே இல்லை என்று நினைத்து விடாதீர்கள். ரமளானில் மாதவிடாய் நாட்களில் நம் பெண் பிள்ளைகள் எங்கே சாப்பிடுகிறார்கள் தெரியுமா? அடுப்படி மூலையில், கதவைச் சாத்திக் கொண்டு, அண்ணன் தம்பி பார்த்து விடுவார்களோ என்று நடுங்கியபடி. சிலர் வெறும் வயிற்றோடு மஃரிபு வரை கிடக்கிறார்கள். அல்லாஹ் சலுகை கொடுத்த நாட்களில் நாம் ஏன் பட்டினி போடுகிறோம்? இளைஞர்களே! "நீ நோன்பு வைக்கலையா?" என்று தங்கையிடம் கேட்பதை இந்த ரமளானோடு நிறுத்துங்கள். அது உங்களுக்குத் தேவையில்லாத கேள்வி.

கடைக்காரர்களுக்கும் ஒரு சொல். நாப்கின் கேட்டு வரும் பெண் பிள்ளைக்கு அதைத் தினத்தாளில் சுற்றி, கருப்புப் பையில் போட்டு, கஞ்சாப் பொட்டலம் போலக் கொடுக்கிறீர்களே, ஏன்? பக்கத்தில் நிற்கும் ஆண்கள் நகரும் வரை அவளைக் காக்க வைக்கிறீர்களே, ஏன்? 2018 ஜூலையில் மத்திய அரசே அதன் மீதிருந்த 12 சதவீத ஜி.எஸ்.டி. வரியை நீக்கியது. கோவையைச் சேர்ந்த அருணாச்சலம் முருகானந்தம் என்ற தமிழர் குறைந்த விலையில் அதைத் தயாரிக்கும் இயந்திரத்தைக் கண்டுபிடித்து 2016-ல் பத்மஸ்ரீ பெற்றார். நாம்தான் இன்னும் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டிருக்கிறோம். சோப்பைக் கொடுப்பது போலக் கொடுங்கள். அது போதும்.

சாப்பாட்டு விஷயத்தையும் சொல்லி விடுகிறேன். 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், இந்தியாவில் 15 முதல் 19 வயதுக்குட்பட்ட பெண்களில் 59 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருப்பது தெரிய வந்தது. ஆண் பிள்ளைகளில் 31 சதவீதம். ஈரலும் இறைச்சியும் முதலில் ஆண்கள் தட்டில் விழும் வீடுகளில் இந்த வித்தியாசம் எப்படி வருகிறது என்று ஆராய்ச்சி தேவையில்லை. "எப்போதும் சோர்ந்து கிடக்கிறாள், சோம்பேறி" என்று திட்டும் முன் மகளின் இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை அவள் விழுங்குகிறாளா, ஜன்னல் வழியே எறிகிறாளா என்று கேளுங்கள். சாப்பிட்ட உடனே டீ குடிக்கும் பழக்கம் உணவிலிருக்கும் இரும்புச்சத்தை உடலில் சேர விடாது. அதை ஒரு மணி நேரம் தள்ளிப் போட்டாலே நல்லது.

உம்மு சுலைம் என்ற தாய்

தனியாகப் பிள்ளை வளர்த்த தாய்க்கு நம் வரலாற்றில் முன்மாதிரி இல்லையா? இருக்கிறது. உம்மு சுலைம் (ரலி) அவர்கள் இஸ்லாத்தை ஏற்ற போது கணவர் மாலிக் அதை ஏற்காமல் ஷாம் தேசம் போய் அங்கேயே இறந்தார். மகன் அனஸைத் தாய்தான் வளர்த்தார். நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்த போது அனஸுக்கு வயது பத்து. அவரை நபிகளாரின் பணிவிடைக்கு ஒப்படைத்தார் அந்தத் தாய். அன்றிலிருந்து நபிகளார் மறையும் வரை பத்து ஆண்டுகள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து வயதிலிருந்து இருபது வயது வரை! நாம் எந்த வயதைப் பார்த்துப் பயப்படுகிறோமோ, அச்சு அசலாக அதே வயது.

அந்தப் பத்து ஆண்டில் ஒரு முறை கூடத் தம்மை நபிகளார் "சீ" என்று சொன்னதில்லை, "ஏன் செய்தாய்" என்று அதட்டியதில்லை என்று அனஸ் (ரலி) பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். அனஸ் தவறே செய்யவில்லையா? செய்தார். ஒரு நாள் ஒரு வேலையாகப் போகச் சொன்ன போது, போகும் எண்ணத்தை மனதில் வைத்துக் கொண்டே வாயால் "போக மாட்டேன்" என்றார். பிறகு கடைத்தெருவில் பையன்கள் விளையாடுவதைப் பார்த்து நின்று விட்டார். பின்னாலிருந்து யாரோ பிடரியைப் பிடித்தார்கள். திரும்பினால் நபி (ஸல்) அவர்கள்! சிரித்துக் கொண்டு, செல்லமாக "உனைஸ்" என்று அழைத்து, போனாயா என்று விசாரித்தார்கள். "இதோ போகிறேன்" என்றார் அனஸ். சம்பவம் முஸ்லிம் நூலில் இருக்கிறது. "போக மாட்டேன்" என்று உங்கள் மகன் சொல்லும் போது அவன் மனதுக்குள் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியுமா? நாமோ அந்த ஒரு சொல்லுக்குப் பெல்ட்டை எடுக்கிறோம்.

தாயின் பங்கையும் பாருங்கள். ஒரு நாள் அனஸ் வீட்டுக்குத் தாமதமாக வந்தார். ஏன் தாமதம் என்று உம்மு சுலைம் கேட்டார்கள். நபிகளார் ஒரு வேலையாக அனுப்பினார்கள் என்றார். என்ன வேலை? அது இரகசியம் என்றார் மகன். அந்தத் தாய் துருவவில்லை. அந்த இரகசியத்தை யாரிடமும் சொல்லாதே என்று மகனுக்கே பலம் கொடுத்தார்கள். மகன் யாருடைய பொறுப்பில் இருக்கிறான் என்பது அந்தத் தாய்க்குத் தெரிந்திருந்தது. அதனால் துருவ வேண்டிய தேவை இருக்கவில்லை. நம் தாய்மார்கள் பிள்ளையின் பையையும் போனையும் துழாவுகிறார்கள் என்றால், பிள்ளை யாரோடு இருக்கிறான் என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை என்பதுதான் காரணம். அதைத் தெரிந்து கொள்ள ஆண்களின் உதவி வேண்டும். கடைத்தெருவிலும் பள்ளிவாசல் திண்ணையிலும் உட்காருகிறவர்கள் நீங்கள்தானே!

வெட்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கும் இதே தாயிடம் பதில் இருக்கிறது. பெண்ணுக்குத் தூக்கத்தில் ஸ்கலிதம் ஏற்பட்டால் குளிப்பு கடமையா என்று நபிகளாரிடமே கேட்ட பெண்மணி வேறு யாருமல்ல, இந்த உம்மு சுலைம் அவர்கள்தான். நபிகளார் முகம் சுளிக்கவில்லை, பதில் சொன்னார்கள். புகாரியில் பதிவாகியிருக்கும் ஒரு கேள்வியை நம் மகள் தன் உம்மாவிடம் கேட்க முடியவில்லை என்றால், நாம் யாருடைய வெட்கத்தைப் பாதுகாத்துக் கொண்டிருக்கிறோம்?

பாலிக் ஆனால் போதுமா?

"பாலிக் ஆகி விட்டாள், இனி எதற்குப் படிப்பு?" "மீசை முளைத்து விட்டது, கடைக்கு வரட்டும்." இந்த இரண்டு வாக்கியங்களுக்கு எதிராக ஒற்றை ஆளாக மல்லுக்கட்டும் தாய்மார்கள் எத்தனை பேர்! தான் ஆறாவதோடு நிறுத்தப்பட்டவள், மகளாவது படிக்கட்டும் என்று மாமியாரிடமும் நாத்தனாரிடமும் வாங்கிக் கட்டிக் கொள்கிறாள். 6 முதல் 14 வயதுக்குட்பட்ட முஸ்லிம் பிள்ளைகளில் நான்கில் ஒருவர் பள்ளிக்கே போகாதவர் அல்லது இடையில் நின்றவர் என்று 2006-ல் சச்சார் கமிட்டி சொன்னதை நாம் மேடைதோறும் முழங்கினோம், அரசைக் குற்றம் சாட்டினோம். சரிதான், சாட்ட வேண்டியதுதான். ஆனால் பள்ளியிலிருந்து பிள்ளையை நிறுத்திய கையெழுத்து யாருடையது? மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தவர் அரசாங்கமா, வாப்பாவா?

பாலிக் ஆவது வேறு, பக்குவம் வருவது வேறு. திருக்குர்ஆன் நான்காம் அத்தியாயத்தின் ஆறாம் வசனத்தைத் திறந்து பாருங்கள். அநாதைப் பிள்ளைகளின் சொத்தை ஒப்படைக்க அவர்கள் பருவம் அடைவது மட்டும் போதாது, அவர்களிடம் பகுத்தறியும் பக்குவத்தையும் காண வேண்டும், அதுவரை சோதித்துப் பார்க்க வேண்டும் என்கிறது அந்த வசனம். வியாபாரிகளுக்கு இதை விளக்கவா வேண்டும்! பதினைந்து வயது மகனிடம் கல்லாச் சாவியையும் காசோலைப் புத்தகத்தையும் கொடுத்து விட்டு நீங்கள் கொள்முதலுக்குப் போவீர்களா? மாட்டீர்கள். அவனுடைய வாழ்க்கையின் சாவியை மட்டும் அதே வயதில் கொடுக்கிறீர்கள். மகளின் கையில் ஒரு குடும்பத்தையே கொடுக்கிறீர்கள். பின்விளைவை எடை போட்டு ஆசையை அடக்கும் மூளையின் முன்பகுதி முழு வளர்ச்சி அடைய இருபத்தைந்து வயது வரை கூட ஆகிறது என்று மருத்துவ உலகம் இன்று சொல்கிறது. வசனமும் மருத்துவமும் ஒரே திசையைக் காட்டும் போது நமக்கு என்ன தயக்கம்?

இதற்காகப் பையனைக் கடைப் பக்கமே விடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. விடுமுறையில் வரட்டும், சரக்கு எடுக்கட்டும், வாடிக்கையாளரிடம் பேசக் கற்றுக் கொள்ளட்டும். வாப்பாவோடு பக்கத்தில் நின்று வேலை செய்கிற பையனுக்குப் பேச வாய் வருகிறது. நேருக்கு நேர் உட்கார வைத்து விசாரித்தால் வராத பேச்சு, பில் போடும் போது தானாக வரும். ஆனால் ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் திருப்பி அனுப்பி விடுங்கள்.

இரவு இரண்டு மணிக்கு

போன் இல்லாமல் இந்தக் காலத்துப் பிள்ளைகளைப் பற்றிப் பேச முடியாது. எல்லாப் பழியையும் அதன் மேல் போடுவதும் சோம்பேறித்தனம். ஒன்றை மட்டும் சொல்கிறேன். சுபுஹுக்கு எழுப்பப் போய்ப் பிள்ளையோடு நாள் தவறாமல் சண்டை போடாத தாய் இல்லை. பருவ வயதில் உடலின் கடிகாரமே சுமார் இரண்டு மணி நேரம் தள்ளிப் போகிறது. தூக்கம் வருவதே தாமதமாகத்தான். ஆனால் அந்த வயதுக்குத் தேவையான தூக்கமோ எட்டு முதல் பத்து மணி நேரம். ஏற்கெனவே தள்ளிப் போன தூக்கத்தை போன் இன்னும் இரண்டு மணி நேரம் தள்ளுகிறது. எனவே சண்டையை அதிகாலையில் போடாதீர்கள், முந்தின இரவு பத்து மணிக்குத் தீர்த்து விடுங்கள். வீட்டிலுள்ள எல்லா போனும் கூடத்தில் ஓர் இடத்தில் சார்ஜில் கிடக்கட்டும். எல்லா போனும் என்றால் உங்களுடையதும்தான்! இரவு ஒரு மணி வரை வாட்ஸ்அப்பில் அரசியல் பேசும் வாப்பாவைப் பார்த்து எந்தப் பிள்ளை திருந்தும்? பணம் கட்டி ஆடும் ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழக சட்டமன்றம் 2022-ல் சட்டமே கொண்டு வர வேண்டியிருந்தது. உங்கள் கடையின் ஜி-பே கடவு எண் பையனுக்குத் தெரியுமா என்று இன்றே பாருங்கள்.

அதே நேரத்தில், வளர்ந்த பிள்ளையின் அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழையாதீர்கள். அனுமதி கேட்டு நுழையும் ஒழுக்கத்தைப் பிள்ளைகளுக்குப் படிப்படியாகக் கற்றுக் கொடுக்கும் மார்க்கம் நம்முடையது (பார்க்க: அந்நூர் 58, 59). பெற்றோர் தட்டினால்தான் பிள்ளையும் தட்டும்.

மூடி மறைக்காதீர்கள்

கோபம், எரிச்சல், கதவை அறைவது எல்லாம் இந்த வயதின் இயல்பு. ஆனால் வாரக்கணக்கில் சாப்பிடாமல் தூங்காமல் இருப்பது, நண்பர்களையும் ஒதுக்குவது, "நான் செத்தால் உங்களுக்கு நிம்மதி" என்பது, கையைக் கீறிக் கொள்வது, இவை இயல்பல்ல. நம் வீடுகளில் இதற்கு என்ன செய்கிறார்கள்? ஜின் பிடித்திருக்கிறது என்று தாயத்து கட்டுகிறார்கள்! துஆ கேளுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? காய்ச்சல் வந்தால் துஆவும் கேட்டு டாக்டரிடமும் போகிறோமே, மனதுக்கு மட்டும் ஏன் கூடாது? மனநல ஆலோசனைக்கென்று 2022-ல் தொடங்கப்பட்ட 14416 என்ற எண்ணில் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம்.

இன்னொன்று, சொல்லவே நாக்கு கூசும் விஷயம். பிள்ளையிடம் யாராவது தவறாக நடந்து கொண்டால், அது உறவினராக இருந்தாலும், பாடம் சொல்லித் தருகிறவராக இருந்தாலும், ஜமாஅத்தில் பெரிய மனிதராக இருந்தாலும், "குடும்ப மானம்" என்று மூடாதீர்கள். பல வீடுகளில் தாய்க்குத் தெரிந்திருக்கும். ஆண்கள் நம்ப மாட்டார்கள் என்று அவள் வாயை மூடியிருப்பாள். 2012-ன் போக்சோ சட்டப்படி 18 வயதுக்குட்பட்ட ஆண், பெண் இரு பாலருக்கும் பாதுகாப்பு உண்டு. தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே குற்றம். 1098 என்ற எண்ணைப் பிள்ளைகளுக்கே மனப்பாடம் செய்து கொடுங்கள்.

கடைசியாக ஜமாஅத் நிர்வாகிகளுக்கு. வருடத்துக்கு ஒரு முறை பரிசு கொடுத்துப் போட்டோ எடுக்கும் கல்வி விழாவோடு நிறுத்தாமல், ஊரிலுள்ள பெண் மருத்துவர் ஒருவரை அழைத்துத் தாய்மார்களோடும் பெண் பிள்ளைகளோடும் தனியாகப் பேச வையுங்கள். பையன்களுக்கும் வாப்பாமார்களுக்கும் ஆண் மருத்துவரை வைத்து வேறொரு நாள். மேடை, மாலை, பொன்னாடை வேண்டாம். கேள்விகளைப் பெயர் எழுதாமல் துண்டுச் சீட்டில் வாங்கிக் கொள்ளுங்கள். பெண்களுக்கான கூட்டத்தை அஸருக்குப் பிறகு வையுங்கள். மஃரிபுக்குப் பின் வைத்தால் இரவுச் சமையலை விட்டு விட்டு யாரும் வர முடியாது. ஆண்களுக்கான கூட்டத்தைக் கடைகளுக்கு வார விடுமுறை விடும் நாளில் வையுங்கள். வெளிநாட்டில் இருக்கும் வாப்பாமார்கள் அதைப் போனில் பார்க்க ஏற்பாடு செய்வது இன்றைக்குப் பெரிய காரியமல்ல; அந்த வேலையை ஊரிலுள்ள கல்லூரி மாணவர்களிடம் கொடுத்து விடுங்கள், அரை மணி நேரத்தில் செய்து முடித்து விடுவார்கள்.